வாடகைக்கு விட்ட வாய்

1

"...அதுக்கப்புறம் 'நல்லா கேட்டே'ன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேற. நான் என்ன உன்கிட்ட பேச்சு கத்துக்க வந்த பிள்ளையாம்மா? போறியா, இருக்கியா? அவ்ளோதான் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லேன்."

சொன்னவள் என் மகள் ஜான்சி. பதின்மூன்று வயது. இடம் முகப்பேர் ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு. நான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் காலை. கீழே தண்ணீர் லாரி வந்து நின்று, பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் மீறி அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நடந்தது இவ்வளவுதான். அவள் அறை வாசலில் சாய்ந்து நின்று, மறுபடி போகணுமா என்று கேட்டாள். புடவை மடித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அவள் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன். உதட்டை நன்றாக விரித்து, சொல் சொல்லாகப் பிரித்து, "அம்மா மறுபடியும் போகணுமான்னு கேக்கிறே. நல்லா கேட்டே" என்றேன்.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. பிள்ளை அரைகுறையாக ஏதாவது சொன்னால் திருத்தக் கூடாது, திட்டவும் கூடாது. அதையே முழுசாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடவே மெச்ச வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கு அது மருந்து. பேச்சும் வந்து, கேள்வியும் வந்து, பதிலுக்காக நிற்கிற பிள்ளையிடம் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மழுப்புவதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, வாய் தானாகச் சொன்னது. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

2

மஸ்கட்டில் ஒரு சென்டரில் நான் ஸ்பீச் தெரபிஸ்ட். நம் ஊரில் சொல்வதுபோல் பேச்சு டீச்சர். காது கேளாத பிள்ளைகள், வாய் கோணிய பிள்ளைகள், எல்லாம் புரிந்தும் ஒரு சொல் வராத பிள்ளைகள் என்று அந்த சென்டருக்கு வருகிற எல்லோருக்கும் நான் ஒருத்திதான். போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஒரு பிள்ளை எழுந்து போகும்போதே அடுத்த பிள்ளை வந்து உட்காரும். நாற்காலியில் சூடு ஆறுவதே இல்லை.

இது வாயால் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முகத்தால் செய்கிற வேலை இது. காலையில் முதல் பிள்ளை சொன்ன முதல் 'ப'வுக்குக் காட்டிய சந்தோஷத்தை, சாயங்காலம் கடைசிப் பிள்ளை சொல்கிற 'ப'வுக்கும் காட்ட வேண்டும். கொஞ்சம் குறைத்துக் காட்டினால் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அடுத்த தடவை வாயைத் திறக்காது. இப்படி நாள் முழுக்கச் சந்தோஷத்தை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினால், நமக்கென்று ஒரு சிரிப்பு மிச்சம் இருக்காது. டீ போடும்போது பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பொங்கி வழிந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

போன குளிர்காலத்தில் சலீம் என்ற சின்னப் பையன், நெடுநாள் முயற்சிக்குப் பிறகு, தன் தாயைப் பார்த்து 'உம்மி' என்றான். அவர்கள் மொழியில் அம்மா. அந்தப் பெண் ஓவென்று அழுது, என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த பிள்ளைக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர மனசில் ஒன்றுமே இல்லை. முன்பு வேலை பார்த்த அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் என்றால் இப்படி ஒரு சொல்லுக்கு நான் மூன்று நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அன்றைக்குத்தான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

மேனேஜரிடம் போய் இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். நல்ல மனிதர்தான். அந்த ஊர்க் காப்பியான காவா ஊற்றிக் கொடுத்து, "அடுத்த வருஷம், இன்ஷா அல்லா" என்றார். அவருடைய அடுத்த வருடம் அடிவானம் மாதிரி, நாம் நடக்க நடக்க அதுவும் நடக்கும். வேறு இடத்துக்குப் போக என்.ஓ.சி. கேட்டேன். அதற்கும் அதே காவா, அதே பதில். அந்தத் தாள் இல்லாமல் அங்கே வேறு யாரும் என்னை வேலைக்கு வைக்க முடியாது. என் பாஸ்போர்ட்டை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறார்கள். லீவுக்கு ஊருக்கு வர வேண்டுமானால் அது கைக்கு வர வேண்டும். அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால்தான் அது கைக்கு வரும்.

போட்டேன். போட்டுவிட்டுத்தான் வந்தேன். என் வீட்டுக்காரர் செல்வராஜுக்குத் தெரியும். ஜான்சிக்குத் தெரியாது. ஒரு மாத லீவில் நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் போனிலேயே பேசிவைத்திருந்தோம்.

வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் செல்வராஜ் வேலை பார்த்த கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. கேஸ் நடக்கிறது. நடக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியவில்லை. அவர் சிநேகிதர் ஒருவரின் ஆட்டோவை ஓட்டுகிறார். வீடும் ஜான்சியின் படிப்பும் என் தலையில். இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, புலம்பவும் ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

3

அம்பத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், சர்ச் காம்பவுண்டுக்குள் இருந்த காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான் டைப் அடிக்கத்தான் போனேன். பேச்சு டீச்சர் ஒருவர் பிரசவத்துக்குப் போனபோது, சும்மாதானே இருக்கிறாய் என்று ஒரு கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிள்ளையோடு என்னை உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். டிப்ளமோ பிற்பாடு வந்தது. உள்ளங்கையில் காகிதத் துணுக்கை வைத்து, 'ப' சொன்னால் அது பறக்க வேண்டும். மேலுதட்டில் தேன் தடவி நாக்கைத் தூக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் எங்கள் தொண்டையில் கை வைத்துக் குரலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் கழுத்தெல்லாம் சாக்பீஸ் விரல் தடமாக இருக்கும்.

என் பக்கத்துக் கண்ணாடி வசந்தாவுடையது. திருநெல்வேலிக்காரி. வீட்டுக்காரருக்கு ஆவடியில் டிபன்ஸ் பேக்டரியில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். ஒருநாள் காலையில் பையை ஆணியில் மாட்டும் முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா புனிதா, இந்த முத்துப்பய ராத்திரி பூராவும் கனவுல வந்து உக்காந்துக்கிட்டான். வாயைத் தொறப்பனாங்கான். எனக்கு முடியல. ஒரு வாரம் நீ வச்சுக்கோ. உன் கனவுல யாரு வந்தா, அதை எனக்குக் குடு."

சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டோம். அப்புறம் அது எங்களுக்குள் ஒரு முறையாகவே ஆகிப்போனது. யார் கனவில் எந்தப் பிள்ளை வந்தாலும் அந்தப் பிள்ளை ஒரு வாரம் கை மாறும். என்னால் முடியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, 'வந்துட்டான்' என்றால் போதும். வெட்கமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. பிள்ளைக்கும் புது முகம். என்னிடம் மாதக்கணக்கில் பிடிவாதம் பிடித்த பிள்ளை, வசந்தாவிடம் போய் இரண்டாம் நாளே வாயைத் திறந்த கதையும் உண்டு. அதற்காக அவள் என்னைப் பண்ணின கேலி தனிக் கதை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்குவோம். முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் யாரும் பேசக் கூடாது. 'வாய்க்கு லீவு' என்பாள் வசந்தா. வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரம் முடிந்து எழும்போது எங்களுக்கு மறுபடியும் பேச வேண்டும் போல இருக்கும்.

பல வருடம் கழித்து மஸ்கட்டில் ஒரு கூட்டம். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு அம்மா திரையில் படம் போட்டு, நம் தொழிலில் இருப்பவர்களுக்கு 'பர்ன் அவுட்' வரும், வராமல் தடுக்க ஓய்வு வேண்டும், சக ஊழியர் துணை வேண்டும், பளுவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அழகாகப் பேசினார். நான் முறத்தையும் முத்துப்பயலையும் நினைத்துக்கொண்டேன். பெயர் தெரியாமலேயே எங்களிடம் மருந்து இருந்திருக்கிறது. பெயர் தெரிந்தபோது மருந்து கையில் இல்லை.

மஸ்கட்டில் எல்லாப் பிள்ளைகளும் என் கனவில் வருகிறார்கள். மாற்றிக்கொள்ள ஆள் கிடையாது. கனவில் வராத ஒரே பிள்ளை ஜான்சிதான். அவளுக்கு முன்னால் அவ்வளவு பெரிய வரிசை நிற்கிறது.

4

லீவு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால், விருந்தாளியாகப் போனது. நான் போகும்போது ஜான்சிக்கு எட்டு வயது. என் முந்தானையைப் பிடித்து இழுத்து 'நீ போகாதே' என்றவள். இப்போது எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சர்க்கரை போதுமா பாருங்க" என்கிறாள். எதற்கும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் அப்பா, ஜுரம் என்றால் அப்பா. நான் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியை நான் முழுசாக்கித் திருப்பிக் கொடுப்பேன். அதோடு அவள் எழுந்து போய்விடுவாள். இப்படி எத்தனை முறை நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் எனக்கு அது நடப்பதே தெரியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன்குழம்பு எப்படி என்று செல்வராஜ் இரண்டு தடவை கேட்டாராம். அவர் வியாசர்பாடியில் பிறந்தவர், எதையும் சிரிப்பாக்கிவிடுவார். மகளிடம் திரும்பி, "உங்கம்மா வாய வாடகைக்கு உட்டுகீறா கண்ணு. ஊட்டுக்கு வரசொல்ல காலியாத்தான் வரும்" என்றார். நான் சிரித்தேன். ஜான்சி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஆவடிக்கு வசந்தாவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் கண்டக்டரிடம், அவர் கண்ணைப் பார்த்து, உதட்டை விரித்து, "ஆ-வ-டி" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "யக்கா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். பின் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எஸ்டேட் தாண்டும்வரை முகம் சுட்டது.

வசந்தா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாளாம். குவார்ட்டர்ஸ் வராந்தாவில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, பால் அடிப்பிடித்துவிட்டது என்றாள். அடிப்பிடித்த பாலை மேலே பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்குமாம், குடிக்கிறவனுக்குத்தான் தெரியுமாம். அவளுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினாள்.

"எம் மவன் பரீட்சையில தோத்துட்டு வந்து மடியில விழுந்து அழுதான். நான் இருக்கேன் பாரு, அவன் மூச்சை எங்க இழுக்கான், எங்க விடுதான்னு கவனிச்சுக்கிட்டு இருந்தேன். எதுக்கு அழுதான்னு மறுநாள் அவுக அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

நான் மஸ்கட் போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு இன்னொருத்தியும் போய்விட்டாளாம். கனவில் வந்த பிள்ளையைக் கொடுக்க ஆள் இல்லை. ஆள் குறைந்தபோது முறத்தடி நேரத்திலும் வகுப்பு வைத்தார்கள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மழை பெய்தது, கூரை ஒழுகியது என்கிற மாதிரி சொன்னாள். நீயாவது தப்பித்தாயே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருளா தப்பிச்சா? ஜாக்கெட்டுக்குக் கழுத்தளவு எடுக்கும்போது தொண்டையில கை பட்டுட்டா, 'எங்க, ம்ம் சொல்லுங்க' அப்படின்னு வாயில வந்திருது. ரெண்டு பேரு அதோட வாரதில்ல."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதில் எவ்வளவு சிரிப்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கிளம்பும்போது, மகளிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள்.

சொல்ல நல்ல நேரம் வரவே இல்லை. வந்த நேரங்களில் எல்லாம் நான் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

5

இதை எழுதுவது மஸ்கட்டில், இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை மத்தியானம். திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. சென்டரைக் கூட்டிப் பெருக்குகிற ஓமனா என்ற கொல்லத்துக்காரியிடம் தினமும் காலையில் கனவைச் சொல்லிவிடுகிறேன். தொழிலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று சலீம் வந்தான் என்றால், "ஞான் கொண்டுபோகாம், சேச்சி" என்று துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, அவன் வந்ததும் கையைப் பிடித்து முற்றத்தில் ஒரு சுற்று அழைத்துப் போகிறாள். அதன் பிறகுதான் என்னிடம் விடுகிறாள். ஒரு வாரத்துக்கு மாற்ற முடியாது. ஒரு சுற்று முடியும். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் வரை யாரிடமும் பேசுவதில்லை. பருப்பையோ அரிசியையோ தட்டில் கொட்டி வைத்துக்கொள்கிறேன். இங்கே அரிசியில் கல் கிடையாது. இருந்தாலும் விரல் தேடுகிறது.

குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் அதே பீரோவில்தான் இருக்கிறது. மேனேஜரின் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கிறது. என்னைப் போல் வெளியூரில் இதே தொழிலில் இருக்கிற பெண்கள் இதைப் படித்தால், கனவைச் சொல்ல யாராவது ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

6

அந்தக் காலைக்கு வருகிறேன். ஜான்சி வாசலிலேயே நிற்கிறாள். அந்த மாதம் முழுக்க 'நீங்க' என்றவள், கோபத்தில் மறுபடி 'நீ' என்று கூப்பிட்டுவிட்டாள். அது அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் என் நாக்கு நுனிவரை வந்தது என்ன தெரியுமா? 'அம்மா பதில் சொல்லணும்னு சொல்றே' என்பதுதான். முழு வாக்கியமாக, பாராட்டோடு, தயாராக நின்றது. உதட்டைக் கடித்து அதை உள்ளே தள்ளினேன். புடவையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு முன்னால் பிடிக்கிற முகத்தைக் கழற்றிவைக்கப் பார்த்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

"போறேன்" என்றேன். "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டாத்தான் பாஸ்போர்ட் குடுப்பாங்க. பாஸ்போர்ட் குடுத்தாத்தான் உன்னைப் பார்க்க வர முடியும். உன்னைப் பார்க்க வர்றதுக்காகத்தான் திரும்பிப் போறேன்னு எழுதிக் குடுத்தேன், ஜான்சி."

எப்போது போட்டாய் என்று கேட்டாள். வருவதற்கு முன்னால் என்றேன். அப்பாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் பதில் சொன்னேன். எதையும் திருப்பிச் சொல்லவில்லை, எதையும் மெச்சவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"போக உனக்குப் பிடிச்சிருக்கா?"

"இல்லை."

கூடத்திலிருந்து செல்வராஜ், நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு மச்சான் வண்டி வருகிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். எனக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். புடவைகளை வைத்தேன், அவர் வாங்கி வந்த மிளகாய்ப்பொடி, வடகம், புளி எல்லாவற்றையும் அடுக்கி மூடியைச் சாத்தினேன். மூடி படியவில்லை. கையால் அழுத்தினேன். முழங்காலைக் கொடுத்து அழுத்தினேன். ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் எழுந்தது.

ஜான்சி வாசலை விட்டு வந்தாள். என் கையை விலக்கிவிட்டு, பெட்டியின் மேல் ஏறி, காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூடி படிந்தது. நான் இரண்டு பூட்டையும் போட்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.